நாய்க்கும் அறை கொடுங்கள். எல்லா அறையையும் கொடுக்காதீர்கள்

கோடை விடுமுறைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு விடுதிகளுக்கு அந்தத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன: “எங்களோட நாயையும் கூட்டிட்டு வரலாமா?” சில விடுதிகள் வரலாம் என்கின்றன. பெரும்பாலானவை முடியாது என்கின்றன. இன்னொரு வகை உண்டு. முன்பதிவுச் செயலியில் ‘செல்லப் பிராணிகளுக்கு அனுமதி உண்டு’ என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி ஏழெட்டு மணி நேரம் காரில் வந்து இறங்கியவரிடம், “ரூமுக்குள்ள விட மாட்டோம் சார், பின்னாடி ஜெனரேட்டர் ஷெட்டுல கட்டிக்கோங்க” என்பார்கள். பிள்ளைகள் களைத்துப்போயிருக்கும், மலையில் இருட்டத் தொடங்கியிருக்கும், வேறு விடுதி தேட முடியாது. நாய் ஷெட்டுக்குப் போகும், அல்லது காரிலேயே இரவைக் கழிக்கும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்தினர்கள் நாயை அறைக்குள் அழைத்துவர விடுதிகள் அனுமதிக்க வேண்டும். எல்லா விடுதிகளும் இதைச் செய்ய வேண்டியதில்லை. செய்கிற விடுதியும் எல்லா அறைகளையும் திறந்துவிடக் கூடாது. சில அறைகளை நிரந்தரமாக ஒதுக்கி, அவற்றை நாய் தங்குவதற்கேற்ப மாற்றியமைத்து, அங்கே துப்புரவு வேலை பார்ப்பவர்களுக்கு உரிய கூலியும் பாதுகாப்பும் கொடுத்து, மற்ற விருந்தினர்களிடம் மறைக்காமல் சொல்லி நடத்த வேண்டும். இதற்கெல்லாம் வசதியோ மனமோ இல்லாத விடுதி ‘அனுமதி இல்லை’ என்று எழுதிவிடலாம். அதில் எந்தத் தவறும் இல்லை.

‘ஊர்சுற்றப் போகும்போது நாய் எதற்கு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் தெருவில் நாய் வளர்க்கும் வீடுகளைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வீட்டில் எழுபதை நெருங்கும் கணவனும் மனைவியும் மட்டும். கூடவே ஒரு நாய். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் இப்படிப்பட்ட வீடுகள் பெருகிவிட்டன. உறவில் ஒரு கல்யாணம் என்றால் ஒருவர் போவார், மற்றவர் நாயோடு வீட்டில் இருப்பார். பேத்தியின் காதுகுத்துக்குத் தாத்தா மட்டும் மதுரைக்குப் போக, பாட்டி சென்னையில் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் பார்த்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர், ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். நாயோடு தங்க ஓர் அறை கிடைத்திருந்தால் இருவரும் போயிருப்பார்கள்.

அண்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்பது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடக்காத காரியம். போர்டிங் எனப்படும் நாய்க் காப்பகங்கள் நகரங்களில் வந்துவிட்டன. நல்ல காப்பகங்களும் இருக்கின்றன. ஆனால், வரிசையாகக் கூண்டுகளை அடுக்கி, நாளெல்லாம் குரைப்பொலிக்கு நடுவே நாயை அடைத்துவைக்கும் இடங்களும் இருக்கின்றன. பழகிய மனிதரைப் பிரிந்த நாய் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடப்பது நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. வயதான நாய்க்கும், தினமும் மாத்திரை கொடுக்க வேண்டிய நாய்க்கும் காப்பகம் சரிப்படாது.

தீபாவளியை வேறு சொல்ல வேண்டும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலிகளையும் கேட்கக்கூடிய விலங்கு நாய். சரவெடி வெடிக்கும் இரவுகளில் கட்டிலுக்கு அடியிலும் குளியலறை மூலையிலும் நடுங்கிக்கொண்டு கிடக்கும். சில நாய்கள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்தும் போகும். அந்த மூன்று நாட்களுக்கு மட்டுமாவது சத்தமில்லாத இடத்துக்கு நாயை அழைத்துப்போய்விட வேண்டும் என்று தவிக்கும் குடும்பங்கள் நகரங்களில் நிறைய. அவர்கள் கேட்பது உல்லாசம் அல்ல, அடைக்கலம்.

சரி, நாயை வெளியே கட்டினால் என்ன? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருப்பவர்களிடம் கேட்டுப்பாருங்கள். குடியிருப்புப் பகுதிக்குள் இரவில் வரும் சிறுத்தை, வாசலில் கட்டிய நாயைக் கவ்விக்கொண்டு போகும் காட்சி கண்காணிப்பு கேமராவில் பதிவாகி, செய்தித் தொலைக்காட்சிகளில் மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது. சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓடக்கூட வழியில்லை. மலை ஊரில் ‘ஷெட்டில் கட்டுங்கள்’ என்பது நாய்க்கு மட்டும் ஆபத்தல்ல. சிறுத்தையை விடுதி வளாகத்துக்குள் அழைத்துவருவதும்கூட.

காருக்குள் விடுவது அதைவிட மோசம். சமவெளியில், வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பநிலை பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸும், அரை மணி நேரத்தில் 20 டிகிரி அளவுக்கும் உயர்ந்துவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அதனால் பெரிய வித்தியாசம் ஏற்படுவதில்லை. நம்மைப் போல உடல் முழுக்க வியர்த்துச் சூட்டைத் தணிக்க நாயால் முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். பக், ஷி ட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களால் அதுவும் சரியாக முடியாது. மாமல்லபுரத்தைப் பார்க்கப் போன குடும்பம், கோயிலுக்குள் நாயை விட மாட்டார்கள் என்று காரில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், நாய் உயிரோடிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், கைவிடுவதும் அந்தச் சட்டப்படி குற்றம். முதல் முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகையை மாற்ற நமக்கு நேரம் கிடைக்கவில்லை என்பது வெட்கக்கேடு.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். அதை நாய் வளர்ப்பவர்கள் காதுகொடுத்துக் கேட்பதே இல்லை என்பது என் வருத்தம்.

நாய் போன பிறகு அதே அறைக்கு வேறொரு குடும்பம் வரும். அந்தக் குடும்பத்தில் மூச்சிரைப்பு உள்ள ஒரு குழந்தை இருக்கலாம். நாயால் வரும் ஒவ்வாமைக்கு முடிதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் செதில்களிலும் சிறுநீரிலும் இருக்கும் புரதங்களே காரணம். முடி கொட்டாத இனம் என்று சொல்லி விற்கப்படும் நாயிடமும் இந்தப் புரதம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் காற்றில் மிதக்கும். மெத்தையிலும் திரைச்சீலையிலும் கம்பளத்திலும் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். வாசனைத் தெளிப்பான் அடித்து, படுக்கை விரிப்பை மாற்றிவிட்டால் அறை பார்வைக்குச் சுத்தமாகிவிடும். அந்தக் குழந்தை நள்ளிரவில் இழுப்போடு எழுந்திருக்கும்போது, ஏன் என்று பெற்றோருக்குத் தெரியாது. முந்தைய நாள் அங்கே ஒரு நாய் படுத்திருந்ததை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

உண்ணி இன்னொரு சிக்கல். நம் ஊர் நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படும் பழுப்பு உண்ணி, முட்டையிலிருந்து முழு வளர்ச்சி வரை வீட்டுக்குள்ளேயே வாழக்கூடியது. வயிறு நிறைய இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயின் மேலிருந்து இறங்கி, சுவர் விரிசலிலோ கட்டிலின் மரப் பொருத்தலிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் ஊருக்குப் போய்விடும். முட்டைகள் அறையிலேயே இருக்கும். தெள்ளுப்பூச்சியும் அப்படியே, கூட்டுப்புழுவாகக் கம்பளத்துக்குள் வாரக்கணக்கில் காத்திருந்து, அடுத்த ஆளின் காலடி அதிர்வு பட்டதும் வெளியே வரும். நாய்க்குட்டிகளைக் கொன்றுவிடும் பார்வோ வைரஸ் பல மாதங்கள் தரையில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. சாதாரணமாகத் தரை துடைக்கும் பல திரவங்களுக்கு அது அசைவதில்லை. பிளீச்சிங் கரைசல் போன்றவைதான் அதைக் கொல்லும். ஆகவே, சுத்தம் செய்யாத அறையால் பாதிக்கப்படுவது மனிதர் மட்டுமல்லர், அடுத்து வரும் நாயும்தான்.

அச்சத்தையும் நம்பிக்கையையும் நாம் மதிக்க வேண்டும். சிறு வயதில் நாய்க்கடி பட்டவருக்கு, லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நின்றால் உடல் உதறும். “எங்க நாய் ஒண்ணும் பண்ணாது” என்ற பேச்சு அந்த உதறலை நிறுத்தாது. தமிழகக் கடலோர முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாஃபி மார்க்க நெறிப்படி, நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். அந்த நெறியில் வாழ்பவர், ஒரு விடுதி அறையில் தொழுகை விரிப்பை விரிக்கும்போது, அந்தத் தரையில் நேற்று நாய் படுத்திருந்ததா என்று அறிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. பணம் கட்டிய விருந்தினர் அவரும்தான்.

இந்த விவாதத்தில் எப்போதும் இருவரைத்தான் பேசுகிறோம்: நாயோடு வருபவர், நாய் வேண்டாம் என்பவர். மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அறையைக் கூட்டிப் பெருக்குபவர். அவரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

விடுதியின் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் வேலை பார்ப்பவர் ஒரு ஷிஃப்டில் 12 முதல் 16 அறைகள் வரை முடிக்க வேண்டும். பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ செக்-அவுட். ஒன்று, இரண்டு மணிக்கு அடுத்தவர் பெட்டியோடு வந்து நிற்பார். நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஓர் அறைக்கு அரை மணி, போனால் முக்கால் மணி. இந்தக் கணக்கு நாய் தங்காத அறைக்குப் போடப்பட்டது.

நாய் தங்கிய அறையில் அந்தத் தொழிலாளி என்ன செய்கிறார் என்று பாருங்கள். விரிப்பை உதறினால் முடி காற்றில் பறந்து, துடைத்து முடித்த மேஜை மேல் மறுபடியும் படியும். அதனால் முதலில் விரிப்பை உள்பக்கமாக மடித்து உருட்டி எடுக்க வேண்டும். சோபாவின் இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே உள்ள இடுக்கில் விரலை விட்டுத் துழாவினால், லாப்ரடாரின் குட்டை முடி துணி நெசவுக்குள் ஊசிபோலக் குத்திக்கொண்டு நிற்கும். வாக்வம் கிளீனர் அதைப் பாதிதான் இழுக்கும். மீதியை ரப்பர் கையுறையை ஈரமாக்கிக்கொண்டு ஒரே திசையில் தேய்த்துத் தேய்த்து உருண்டையாகத் திரட்ட வேண்டும். குளியலறையில் நாயைக் குளிப்பாட்டியிருந்தால் வடிகால் சல்லடையில் முடி அடைத்துத் தண்ணீர் நிற்கும்; அதைக் கையால்தான் அள்ள வேண்டும். வெள்ளைத் துண்டில் சேற்றுக் கால் தடம் இருக்கும். நாயைத் துடைத்த துண்டையே முகம் துடைக்கும் துண்டுகளோடு சேர்த்துக் கூடையில் போட்டிருப்பார்கள். ஏசியின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். கடைசியில், எல்லாம் முடிந்தது என்று கதவைச் சாத்தும் நேரத்தில் மூக்கில் ஏறும், எங்கோ ஒரு மூலையில் நாய் காலைத் தூக்கியிருக்கிறது என்று. திரைச்சீலையின் கீழ் விளிம்பா, கட்டில் காலா, மெத்தையின் பக்கவாட்டா என்று மண்டியிட்டு முகர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். பினாயில் அந்த வாடையைக் கொஞ்ச நேரம் மறைக்கும், போக்காது. சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த தனித் திரவம் இருக்கிறது; பல விடுதிகளில் அதை வாங்கிக் கொடுப்பதில்லை. கறை போகாவிட்டால் அடுத்து வரும் நாயும் அதே இடத்தைத் தேடிப்போய்க் காலைத் தூக்கும்.

இந்த வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆனால், அன்றைய அறைக் கணக்கில் அவருக்கு ஒன்றும் குறைக்கப்படுவதில்லை. நாய்க்கென்று விருந்தினரிடம் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணத்தில் அவருக்கு ஒரு ரூபாய் வருவதில்லை. மலை ஊர் விடுதிகளில் இந்த வேலையில் இருப்பவர்கள் உள்ளூர்ப் பெண்கள், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள். “நாய் ரூம் எனக்கு வேண்டாம்” என்று மேற்பார்வையாளரிடம் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை.

கடியும் அவர்களுக்குத்தான். உரிமையாளர் படகுச் சவாரிக்குப் போயிருப்பார். நாய் அறைக்குள் தனியாக இருக்கும். பழகாத இடம், பழகாத வாசனை, லிஃப்ட் ‘டிங்’ என்று ஒலிக்கும்போதெல்லாம் காதை விறைத்துக்கொண்டு கதவோரம் நிற்கும். தண்ணீர் பாட்டில் வைக்கவோ துண்டு மாற்றவோ ரூம் பாய் சாவியைப் போட்டுத் திறக்கிறார். வீட்டில் பூனைபோல் இருக்கும் நாய், அந்த நேரத்தில் கடிக்கும். கடித்தால் அந்த இளைஞர் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். அரசு மருத்துவமனையில் அன்று ஓர் ஊசி, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். காயம் ஆழமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் வேறு போட வேண்டும். அந்த நான்கு நாட்களுக்கும் சம்பளம் யார் கொடுப்பது? விருந்தினர் மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பிவிடுவார். உலகில் வெறிநாய்க்கடி மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் ‘தடுப்பூசி போட்ட நாய்தான்’ என்ற வாய்வார்த்தையை நம்பி ஒரு தொழிலாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது. விலங்கைக் கட்டுப்படுத்தாமல் விட்டு மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நாய் உரிமையாளர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பின் எதற்காக அனுமதிக்கச் சொல்கிறாய் என்று கேட்கலாம். இவை அனைத்தும் நாயால் வந்த கேடுகள் அல்ல. எந்த அறையில் வேண்டுமானாலும் நாயை விட்டு, அதை யாரிடமும் சொல்லாமல், செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டியதால் வந்தவை. ஒதுக்கிய அறை இருந்தால் இவற்றில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இதற்கான முன்மாதிரி நம் ரயில்வேயிலேயே இருக்கிறது. ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கொண்ட கூபேயையோ நான்கு படுக்கை கொண்ட கேபினையோ முழுவதுமாக முன்பதிவு செய்தவர், பார்சல் அலுவலகத்தில் கட்டணம் கட்டி நாயைத் தன்னோடு அழைத்துச் செல்லலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசி பெட்டிகளிலும் தூங்கும் வசதிப் பெட்டியிலும் அனுமதி இல்லை. சக பயணி ஆட்சேபித்தால் நாய் கார்டு பெட்டிக்குப் போக வேண்டும். பணம் திரும்பக் கிடைக்காது. விதி கடுமையானதுதான். கார்டு பெட்டியின் கூண்டைப் பற்றி எனக்குப் பெரிய குறைகள் உண்டு. ஆனாலும், நாயோடு வருபவருக்குத் தனி அறை, அதற்கு முழுக் கட்டணம், மற்றவருக்குத் தொந்தரவு இல்லை என்ற மூன்றையும் ரயில்வே சேர்த்தே யோசித்திருக்கிறது. விமானத்திலும் வழி பிறந்துவிட்டது. 2022 நவம்பரிலிருந்து ஆகாசா ஏர் குறிப்பிட்ட எடைக்குட்பட்ட நாயையும் பூனையையும் கூண்டில் வைத்துப் பயணியர் பகுதியிலேயே ஏற்றிக்கொள்கிறது. ரயிலிலும் விமானத்திலும் கூட்டிவர முடிந்த நாயை, இறங்கிய ஊரில் தங்கவைக்க இடமில்லை என்றால் அந்த வசதியால் என்ன பயன்?

குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைக் காட்டி விடுதிகளிடம் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குடியிருக்கும் வீட்டுக்கானது. விடுதிக்கு அது பொருந்தாது. விடுதி ஒரு தனியார் தொழில். நாயை ஏற்பதும் மறுப்பதும் அதன் உரிமை. ஒரே ஒரு விலக்கு வேண்டும். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் பயிற்சி பெற்ற நாய், செல்லப் பிராணி அல்ல. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, அப்படிப்பட்ட நாயை எந்த விடுதியும் மறுக்க முடியாது. தனிக் கட்டணமும் வாங்க முடியாது. நம் நாட்டிலும் 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. வழிகாட்டி நாயோடு வருபவருக்கு எந்த அறையும் திறந்திருக்க வேண்டும் என்பதை நம் விடுதி உரிமையாளர் சங்கங்கள் தாமாகவே முன்வந்து ஏற்க வேண்டும்.

ஒதுக்கும் அறை எப்படி இருக்க வேண்டும்? தரைத் தளத்தில், தனி வாசலோடு இருந்தால் லிஃப்ட் பிரச்சினையே எழாது. கம்பளம் கூடாது; ஓடு பதித்த தரை வேண்டும். துணி சோபாவுக்குப் பதில் மரமோ பிரம்போ போட வேண்டும். மெத்தைக்குத் தண்ணீர் புகாத உறை, துவைக்கக்கூடிய மெல்லிய திரைச்சீலை. மற்ற அறைகளோடு ஏசி காற்றுக்குழாய் பொதுவாக இருக்கக் கூடாது. வாசலுக்கு வெளியே சிறிது மண் தரையும், கழிவைப் போட மூடியுள்ள தொட்டியும் இருக்க வேண்டும். நாய்க்கெனத் தனி நிறத்தில் துண்டுகளை வைத்துவிட்டால், சலவையில் கலக்காது. இதற்கெல்லாம் பெருஞ்செலவு ஆகாது. தோட்ட பங்களாக்களிலும் தனித்தனிக் காட்டேஜ்களிலும் இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. மும்பையில் டாட்டா குழுமத்தின் தலைமையகமான பாம்பே ஹவுஸை 2018-இல் புதுப்பித்தபோது, அங்கே காலங்காலமாகத் தங்கிவந்த தெருநாய்களுக்குத் தரைத் தளத்தில் தனியாக ஓர் இடத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். மனமிருந்தால், பெரிய நிறுவனத்தின் கட்டடத்திலேயே நாய்க்கு இடம் ஒதுக்க முடிகிறது.

உணவுக்கூடத்துக்குள் நாயை விடக் கூடாது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளே உணவு நிறுவனங்களின் வளாகத்துக்குள் விலங்குகளை அனுமதிப்பதைத் தடுக்கின்றன. நாயோடு வந்தவருக்கு அறைக்கே சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தால் போயிற்று.

எடையையும் இனத்தையும் பார்த்துச் சில விடுதிகள் முடிவெடுக்கின்றன. பத்துக் கிலோவுக்குள் இருந்தால் சரி, அதற்கு மேல் கூடாது என்கிறார்கள். பொமரேனியன் ஒன்று இரவு முழுக்கக் குரைத்து ஒரு தளத்தையே எழுப்பும். முப்பது கிலோ லாப்ரடார் கட்டிலடியில் படுத்தால் விடியும்வரை அசையாது. நாட்டு நாய் என்றால் முகம் சுளிக்கிறார்கள் என்பதையும் கேட்டிருக்கிறேன். சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் ராஜபாளையமும் பிறந்த மண்ணில், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய்க்கு இடமில்லை என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதேநேரம் ஆபத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியதை நாம் மறக்கக் கூடாது. அவை தெருநாய்கள் அல்ல, வளர்ப்பு நாய்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் 23 நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லி ஒன்றிய அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்துவிட்டது. இனப் பட்டியல் நம்மைக் காப்பாற்றப்போவதில்லை. கழுத்துப்பட்டை, கையில் பிடித்த வார், கூட்டமான இடத்தில் வாய்மூடி, நாயைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஒரு பெரியவர்: இவை இருக்கின்றனவா என்று வரவேற்பறையிலேயே பார்க்க வேண்டும். கூடவே வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழையும், மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டிய ஊராக இருந்தால் அதையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஆதார் அட்டையைக் கேட்காமல் மனிதருக்குச் சாவி கொடுப்பதில்லை அல்லவா?

எந்த விதியைத் தளர்த்தினாலும் ஒன்றைத் தளர்த்தவே கூடாது: நாயை அறையில் தனியாக விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. குரைப்பு, கடி, கதவுப் பிறாண்டல், மெத்தையைக் கிழித்தல் என விடுதிகள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் தனியே விட்ட நேரத்தில் நடந்தவைதாம். முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது, கோயிலுக்குள் முடியாது, படகில் ஏற்ற மாட்டார்கள். குடும்பத்தில் ஒருவர் நாயோடு இருக்க வேண்டும், மற்றவர்கள் போய்வந்த பிறகு அவர் போக வேண்டும். இப்படி முறைபோட்டுக்கொள்ள முடியாதவர்கள் நாயை அழைத்துவராமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

கட்டணம் வாங்கட்டும். வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த அறையைச் சுத்தம் செய்பவரின் சம்பளச் சீட்டில் தனி வரியாக வர வேண்டும். நாய் அறை ஒன்று, சாதாரண அறை இரண்டுக்குச் சமம் என்று கணக்கிட்டு அன்றைய வேலையைக் குறைக்க வேண்டும். நாய் பயமுள்ளவரையும் ஒவ்வாமை உள்ளவரையும் அந்த வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. கடிபட்டால் மருத்துவச் செலவும் விடுப்புச் சம்பளமும் விடுதியின் பொறுப்பு. விருந்தினரிடம் வசூலிப்பது விடுதியின் பாடு. சுற்றுலாத் துறை இதற்கெனப் புதுச் சட்டம் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. முன்பதிவுப் பக்கத்தில் நாய்க்கு ஒதுக்கிய அறைகள் எவை, கட்டணம் எவ்வளவு, மற்ற அறைகளில் நாய் தங்கியதே இல்லையா என்பவற்றை எழுதவைத்தாலே பாதிச் சண்டை நின்றுவிடும்.

நாய் வளர்க்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பையில் மறைத்தும் பின்வாசல் வழியாகவும் நாயை அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் மறைத்த நாய்க்காக அடுத்து வரும் பத்துக் குடும்பங்களுக்குக் கதவு அடைபடுகிறது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே உண்ணி மருந்து போட்டு, குளிப்பாட்டி, வாரிவிடுங்கள். அது படுத்துப் பழகிய விரிப்பையும் துடைக்கும் துண்டையும் வீட்டிலிருந்தே எடுத்துவாருங்கள். அறையைக் காலிசெய்யும்போது வேலை பார்க்கும் அந்த அம்மாவையோ தம்பியையோ கூப்பிட்டு, நாய் எங்கே படுத்தது, எங்கே ஈரம் பண்ணியது என்று நீங்களே காட்டி, ஒரு தொகையை அவர் கையில் நேரில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.